இருபத்தைந்து செட்

மார்ச் 3, செவ்வாய்

இருமல் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டயரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே மருந்து குடிக்கிறது. பதினெட்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எந்தக் குழந்தையும் சிரித்துக் குடித்து நான் பார்த்ததில்லை.

காலையில் ருக்மணி அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அண்ணன் தேங்காய்க் களத்தில் மேஸ்திரி. ஜனவரி தொடக்கத்தில் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஈரோட்டுக்குக் கொண்டுபோய், ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற கம்பிவலையை வைத்து அனுப்பினார்கள். அந்த வலையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க இரண்டு மாத்திரை. ஆஸ்பிரின் ஒன்று, குளோபிடோக்ரல் ஒன்று. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு நாள்கூட விடக் கூடாது. மாதாமாதம் மூன்றாம் தேதி அக்கா சீட்டோடு வந்துவிடுவார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ எப்படிச் சொல்றயோ அப்படித்தான் குடுப்பேன்" என்றார்.

"சாப்பிட்டதுக்கு அப்பறம் குடுங்கக்கா. மறந்துடாதீங்க."

"மறந்தா என்னாகும்?"

"வலை அடைச்சுக்கும்."

"அப்ப மறக்க மாட்டேன்."

அட்டையின் மேல் பேனாவில் மத்தியான மாத்திரைக்குப் பெரிய சூரியனும் காலை மாத்திரைக்குச் சின்னச் சூரியனும் வரைந்து கொடுத்தேன். அக்கா அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊரில் டாக்டரை நம்புகிறார்களோ இல்லையோ, என்னை நம்புகிறார்கள். அது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மாலையில் மாவு அரைத்தேன். உளுந்து நன்றாகப் பொங்கியது.

மார்ச் 7, சனி

சனிக்கிழமை என்றால் செட் கட்டுகிற நாள். களத்தில் வாரம் முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள், மட்டை உரிக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் வந்து வாங்கிப்போவார். டாக்டர் சீட்டு கிடையாது, பெயர் கிடையாது. வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வெள்ளையில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு, வயிற்றுக்கு ஒன்று. அட்டையிலிருந்து கத்தரித்துத் துண்டுக் காகிதத்தில் மடித்தால் அது ஒரு செட். சாப்பிட்ட அரை மணியில் எந்த வலியும் ஓடிவிடும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எங்கள் பக்கத்தில் இதைக் கட்டாத கடையும் இல்லை.

இன்றைக்கும் நாச்சிமுத்து அண்ணன்தான் வந்தார். வழக்கமாக இருபது. போன வாரம் இருபத்துமூன்று.

"இருபத்தஞ்சாக் கட்டு அம்மிணி."

"ஏனுங்ணா, களத்துல கலியாணமா, வாராவாரம் ஆளு கூடுது?"

"இடுப்புப் புடிச்ச ஆளு ஒருத்தன் சேந்திருக்கான்" என்று சொல்லி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

யாரென்று கேட்கவில்லை. கடையில் கூட்டம். கட்டிக் கொடுத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் இரைகிறது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை எப்போது வருமென்று அவருக்கே தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

ருக்மணி அக்கா போகிற போக்கில் கடையில் நின்றார்.

"யசோதா, இவருக்குப் பல்லு வெளக்கறப்ப ரத்தமா வருது. கையில அங்கங்க நீலமாத் திட்டுத் திட்டா இருக்குது. நான் பயந்தே போயிட்டேன்."

"ரத்தம் மெலியற மாத்திரை சாப்பிட்டா கொஞ்சம் அப்படித்தான் இருக்குங்க்கா. மெத்துனு ஒரு பிரஷ் தர்றேன், அதுல வெளக்கச் சொல்லுங்க."

பிரஷ் கொடுத்தேன். அக்கா நிம்மதியாகப் போனார்.

மார்ச் 12, வியாழன்

மெக்கானிக் வந்துவிட்டார். ஃபிரிட்ஜ் இப்போது இரையவில்லை, சும்மா இருக்கிறது. குளிரவும் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன்.

மாலை நாச்சிமுத்து அண்ணன் வந்து, வயிறு எரிகிறது என்றார். முகம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. ட்யூப்லைட் வெளிச்சமாக இருக்கலாம். ஒமெப்ரசோல் பத்து கொடுத்தேன்.

"காத்தால வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க. காரம் கொறைங்க."

"காரம் கொறைச்சா சோறு எறங்காது அம்மிணி."

மார்ச் 14, சனி

செட் வாங்க இன்றைக்கு மாரப்பன் வந்தார். களத்தில் மூட்டை தூக்குகிறவர்.

"மேஸ்திரி வரலீங்களா?"

"தல சுத்துதுன்னு நெழல்ல உக்காந்துட்டாருங்க. எனக்கு இருபது கட்டுங்க."

"இருபது போதுமா?"

"எப்பவும் இருபதுதானுங்க? ஆளே இருபது பேருதான் இருக்கறம்."

இருபது கட்டினேன்.

ராத்திரிக்கு ரவை உப்புமா. உப்பு அதிகம் என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 15, ஞாயிறு

விடிகாலையில் நாச்சிமுத்து அண்ணன் கழிவறையில் மயங்கி விழுந்திருக்கிறார். இரண்டு நாளாகவே தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் ஈரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா செருப்புப் போடாமல் ஏறினார்.

கறுப்பாகப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ரத்தம் மெலிய இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இப்படி ஆவது உண்டு. மருந்து அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கடை. ஆனாலும் மாலை வரை இருந்து எல்லா அலமாரியையும் துடைத்தேன். காலாவதியான மருந்துகளைத் தனியாக எடுத்தேன். சிரப் பாட்டில்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். செட் கட்டுகிற கத்தரியைத் தேடி எடுத்து இழுப்பறையின் அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

அக்கா போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"ரெண்டு பாட்டலு ரத்தம் ஏத்திட்டாங்க யசோதா. ரத்தம் பாதிகூட இல்லையாம். நாளைக்குக் கொழாய் உட்டு வயித்தப் பாக்கறாங்களாம். டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேக்குறா, வேற மாத்திர என்ன சாப்பிட்டாருன்னு. இவரும் ஒண்ணுமில்லங்கறாரு. நானும் சொல்லிப்போட்டேன், யசோதா கடைல வாங்கறதத் தவிர ஒரு மாத்திர எங்க ஊட்டுக்குள்ள வராதுன்னு."

"ம்."

"அந்த ரத்த மாத்திரதான் கொல்லப் பாத்துது. பையில இருந்ததப் பூராக் குப்பையில போட்டுட்டேன். இனி டாக்டரே சொன்னாலும் அவரத் தொட உட மாட்டேன். நாஞ் செஞ்சது செரிதான கண்ணு?"

கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று போனை வைத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறவர், எதையும் நாலு கையெழுத்து வாங்கித்தான் நம்புவார். சோற்றைப் பிசைவதை நிறுத்தவே இல்லை.

"ஊருல எல்லாக் கடையிலயுந்தான் குடுக்கறான். அவரு எங்க வாங்குனாருன்னு யாரு கண்டா? காயிதத்துல பேரு இருக்குதா? இல்ல. வேலியில போற ஓணான எடுத்து மடியில உட்டுக்காத. லைசென்சு உம் பேருல இருக்குது, ஞாபகம் வச்சுக்க."

அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. காகிதத்தில் பெயர் இல்லை. அந்த மடிப்புக்குள் என்ன இருந்தது என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மார்ச் 17, செவ்வாய், காலை ஐந்து மணி

இந்த டயரியைப் பின்னால் புரட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் நான்தான் போலிருக்கிறது.

ஏழாம் தேதிப் பக்கத்தில் "கடையில் கூட்டம்" என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கூட்டம் இல்லை. நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அந்த ஒரு ஆள் யாரென்று எனக்கு அப்போதே தெரியும். கேட்டால் அவர் சொல்லிவிடுவார், சொன்னால் நான் கொடுக்க முடியாது, கொடுக்காவிட்டால் அவர் சங்கடப்படுவார். அதனால் கேட்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமையையும் கடைக் கணக்கு நோட்டில் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று. என் கையெழுத்துதான்.

வலி மாத்திரை வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும். கூடவே ஸ்டீராய்டு சேர்ந்தால் இன்னும் வேகமாக. சாதாரண ஆளுக்கு அந்தப் புண் தானாக உறைந்து ஆறும். அவருக்கு ஸ்டென்ட்டுக்காக உறையவே விடாத மாத்திரை இரண்டு ஓடுகிறது. ஒரு கையால் புண்ணாக்குகிற மருந்தைக் கொடுத்தேன், ரத்தம் நிற்காமல் இருக்க அதே மேஜையில் இன்னொரு கையால் மருந்து கொடுத்தேன். பல்லில் ரத்தம் என்று அக்கா சொன்னபோது பிரஷ் விற்றேன். வயிறு எரிகிறது என்று அவரே வந்து நின்றபோது, போதாக்குறைக்கு ஒமெப்ரசோல் கொடுத்தேன். அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். போன வருஷம் மருந்துக்கடைக்காரர்கள் கூட்டத்தில் போண்டா சாப்பிட்டுக்கொண்டே இதைக் குறித்துக்கொண்டவள் நான்.

இப்போது அக்கா தப்பான மாத்திரையைக் குற்றவாளியாக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். வலை வைத்துப் பத்து வாரம்தான் ஆகிறது. அந்த மாத்திரை நின்றால் வயிறு பிழைத்து நெஞ்சு போய்விடும்.

ஆறு மணி ஈரோடு பஸ்ஸில் போகிறேன். இவரை எழுப்பவில்லை. மாவு வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சட்னிக்குத் தேங்காய் உடைத்து வைத்திருக்கிறேன். சீட்டு எழுதி வைக்கிறேன்.

அன்றே, மாலை

கடையிலிருந்து செட்டுக்கான அட்டைகள் நாலையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். டயரியையும்.

வார்டு வாசலில் ருக்மணி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வருவீன்னு தெரியும் கண்ணு" என்றார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு டாக்டரிடம் போனதுதான் இன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நெற்றியில் தூக்கம் இல்லாத சுருக்கம். அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"இதெல்லாம் என்னங்க?"

"நாச்சிமுத்துங்கற பேஷண்ட் சாப்பிட்டது. நான் குடுத்தது. டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால், டெக்சாமெத்தசோன், ரானிடிடின். சீட்டு இல்லாமக் குடுத்தேன். அஞ்சு நாளைக்கு முன்னால ஒமெப்ரசோலும். ரெண்டு ரத்த மாத்திரையும் எங்கிட்டத்தான் வாங்கறாங்க, தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பேனாவை எடுத்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம். நாளுக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

டாக்டர் எழுந்து கட்டிலுக்குப் போனார். நானும் அட்டைகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன், அக்காவும் வந்தார். நாச்சிமுத்து அண்ணன் சுண்ணாம்பு அடித்த சுவர் நிறத்தில் படுத்திருந்தார். என் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணா" என்றேன். "நாஞ் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லுங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "களத்துல எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணு குடுத்துட்டு, மிச்சம் எனக்கு. தொடக்கத்துல எப்பவாச்சும். இந்த மாசம் வந்ததுல இருந்து ஒரு நாள் உட்டு ஒரு நாளு. கறுப்பாப் போறவரைக்கும்."

"வலிச்சா ஏன் எங்ககிட்டச் சொல்லல?" என்றார் டாக்டர்.

"ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து, மேஸ்திரியால இனி ஆகாதுன்னு களத்துல பேசிக்கிட்டாங்கம்மா. ஆகும்னு காட்ட நாலு மூட்டையத் தூக்கினேன். இடுப்பு போயிருச்சு. இடுப்பு போச்சுன்னு சொன்னா வேலையும் போயிரும்."

டாக்டர் அக்காவிடம் திரும்பி நிதானமாகச் சொன்னார். எதனால் ரத்தம் கசிகிறது என்று தெரியாமல், இதய மாத்திரை இரண்டையும் நிறுத்திவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம். "இப்பக் காரணம் கெடைச்சிருச்சும்மா. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் இனி ஒண்ணுகூடக் கூடாது. வயித்துப் புண்ணுக்கு வேற மருந்து போடறோம். நீங்க குப்பையில போட்டது ரெண்டும் உங்க வீட்டுக்காரரோட நெஞ்சக் காப்பாத்தற மாத்திரை. புண்ணு அடைஞ்சதும் திரும்பக் குடுத்தே ஆகணும். இதய டாக்டர்கிட்டப் பேசிட்டுச் சொல்றேன்."

அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பல்லுல ரத்தம் வருதுன்னு நான் உங்கிட்டத்தான கேட்டேன்?"

"ஆமாங்க்கா."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. நெனைக்க வேண்டாம்னு இருந்துட்டேன்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றார். கடையின் பெயரைக் கேட்டு டாக்டர் ஃபைலில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். லைசென்ஸ் நம்பரையும் நானே சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். சாப்பிட்டேன்.

மார்ச் 18, புதன்

மாரப்பன் சொன்னார். நேற்று மாலை குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் இரண்டு புண், கசிந்துகொண்டிருந்ததற்குக் கிளிப் போட்டு அடைத்துவிட்டார்கள். இவர் என்னோடு பேசவில்லை. தோசை மட்டும் மூன்று சாப்பிட்டார்.

மார்ச் 19, வியாழன்

ஆஸ்பிரின் இன்றைக்குத் தொடங்கிவிட்டார்களாம். குளோபிடோக்ரல் ஞாயிறு அல்லது திங்கள். அக்கா தன் கையாலேயே கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

மார்ச் 21, சனி

மாரப்பன் வந்தார். "இருபது கட்டுங்க."

"செட்டு இனி இல்லீங்க."

"ஏனுங்க, ஒரு மனுசனுக்கு ஒத்துக்கலைன்னா ஊருக்கே நிறுத்துவீங்களா?"

"யாரு யாருக்கு ஒத்துக்கும்னு தெரியாமத்தான இத்தன நாளா குடுத்தேன். சாப்பிடறவங்க நேர்ல வரட்டும். வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேப்பேன். பாராசிட்டமால் தர்றேன், தைலம் தர்றேன். அதுக்கு மேல வலிச்சா ஆசுபத்திரிச் சீட்டு வேணும்."

"பஸ் ஸ்டாண்டுக் கடையில ஒண்ணும் கேக்காமக் குடுக்கறாங்க."

"தெரியும். நானும் போன வாரம் வரைக்கும் கேக்காமத்தான் குடுத்தேன்."

அவர் போய்விட்டார். நான் மேஜைக்குப் பின்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தேன். கடைக்கு அவர்கள் வராவிட்டால் கடைதான் போக வேண்டும்.

காய்கிற கொப்பரைக்கு நடுவில் டீ நேரம். களத்துக்காரர் நாற்காலியில் இருந்தபடியே, "ஏனுங்க யசோதா, மாத்தர குடுக்கறத உட்டுப்போட்டு ரேசன் கார்டுக்கு ஆள் எண்ண வந்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு முதல் ஆளிடம் போய்க் கேட்டேன். நெஞ்சுக்கு, பிரஷருக்கு, சர்க்கரைக்கு, வேறு எதற்காவது மாத்திரை உண்டா? கறுப்பாகப் போகிறதா? காயம் பட்டால் ரத்தம் நிற்கிறதா? மூன்றாவது ஆளுக்குப் பிறகு சிரிப்பு நின்றது.

பதினான்காவது செல்லாயி. மட்டை பொறுக்குகிறவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் அட்டையைக் காட்டினார். பக்கவாதம் லேசாக வந்துபோனதாம், பெரிய ஆசுபத்திரியில் கொடுத்ததாம். குளோபிடோக்ரல். அதே முடிச்சில் போன சனிக்கிழமை நான் மடித்துக் கொடுத்த காகிதமும் இருந்தது.

"இத யாரும் எங்கிட்டக் கேக்கவே இல்ல சாமி" என்றார்.

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை அவரை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். களத்துக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "நாச்சிமுத்து வந்தா உக்காந்து மேற்பார்வை பாத்தாப் போதும்னு சொல்லிருங்க" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் போகவில்லை. போவதற்குக் கால் வரவில்லை.

மருந்து ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. இவர் அதை நாலு தடவை படித்துவிட்டு, "பதில் நான் எழுதட்டுமா?" என்றார். "உள்ளதை எழுதறதுன்னா எழுதுங்க" என்றேன். உட்கார்ந்து எழுதினார். ஒரு பொய்கூட இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

மூன்றாம் தேதி. காலை எட்டு மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன். அவர் வரமாட்டார் என்று எனக்கு நானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் கடை இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இருக்கிறது.

பதினொரு மணிக்கு ருக்மணி அக்கா வந்தார். சீட்டை மேஜையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரைகளை எடுத்து வைத்தேன்.

"ஒவ்வொண்ணாப் படி. எதுக்குன்னு சொல்லு."

படித்தேன். இது ஆஸ்பிரின், வலை அடைக்காமல் இருக்க. இது குளோபிடோக்ரல், அதற்கேதான். இது பான்டோப்ரசோல், வயிற்றுப் புண்ணுக்கு, குளோபிடோக்ரலுக்குத் தொந்தரவு செய்யாதது.

"இது கூட எது சேரக் கூடாது?"

"எந்த வலி மாத்திரையும் கூடாது. வேற கடையில, வேற டாக்டர்கிட்ட, பல்லுப் புடுங்கப் போனாலும் இந்த ரெண்டும் சாப்பிடறேன்னு மொதல்ல சொல்லணும். நாட்டு மருந்துன்னாலும் கேக்காமச் சாப்பிடக் கூடாது. கறுப்பாப் போனா, தல சுத்துனா, அன்னிக்கே ஆசுபத்திரி. இந்த மாத்திரைய மட்டும் நாமளா நிறுத்தக் கூடாது."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். மூன்றாவது தடவை அக்காவே சொன்னார், நான் கேட்டேன். ஒரு இடத்திலும் தப்பு இல்லை.

பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏங்க்கா இங்க வந்தீங்க?"

திரும்பி நின்றார். இன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"எல்லாக் கடையிலயும் மாத்திர இருக்குது. தப்புப் பண்ணிட்டேன்னு பஸ் ஏறி வந்து சொன்னவ நீ ஒருத்திதான். அதுக்குத்தான் வந்தேன். மனசு ஆறியெல்லாம் வரல."

"தெரியுமுங்க்கா."

"மே மாசம் மூணாந்தேதி ஞாயித்துக்கெழம. கடை தொறந்திருப்பியா?"

"தொறந்திருப்பேன்."

அக்கா போன பிறகுதான் கவனித்தேன், அட்டையில் சூரியன் வரைய மறந்துவிட்டேன். பேனாவை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். அவர் நின்றார், அட்டையை நீட்டினார். வெயிலில் நின்று வரைந்து கொடுத்தேன். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முடிந்தது, ஒன்பது மிச்சம்.